எலும்பு ஒட்டு வச்ச பிறகு: முதல் ஆறு வாரம்

இந்த இதழ்ல நம்ம சிலபஸ்ல இல்லாத ஒரு பாடம். ஆனா ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் எழுதின யாருக்கும் சுலபமா புரியும். எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன்.

போன வருஷம் ஜூன், குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்ச நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போற ரோட்டில் எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பைக்கோட விழுந்துட்டார். முழங்காலுக்குக் கீழ எலும்பு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. சில துண்டுகள் சேத்தோட போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணி, அழுக்கையும் செத்த சதையையும் எடுத்து முடிச்சப்போ, எலும்பில் 5 செ.மீ. இடைவெளி. ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட்ல, இடுப்பு எலும்பிலிருந்து சுரண்டி எடுத்து அந்த இடைவெளியை நிரப்பினாங்க. அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஒன்பதாம் நாள் கட்டுத்துணியில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஈரம். "ஆபரேஷன் பண்ண இடம்னா கொஞ்சம் தண்ணி கசியத்தானே செய்யும்"னு வீட்டில் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பவும் தியேட்டர், திரும்பவும் மயக்க ஊசி. உள்ளே சீழ். வச்ச எலும்பில் பாதியை எடுத்துப் போட வேண்டியதாச்சு.

அந்த மூணு நாள் எதனால அவ்வளவு முக்கியம்? அதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டிலோ ஹாஸ்டல் ரூம்லயோ யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தா, நீங்க எங்களை மாதிரி காத்திருக்கக் கூடாது.

ஒட்டு எதுக்கு?

எலும்பு தானா ஒட்டிக்கிற பொருள். சாதாரண முறிவுக்கு நேரா வச்சு அசையாம பிடிச்சா போதும். ஆனா இடைவெளி பெரிசா இருந்தா, பொதுவா 2 செ.மீ.க்கு மேலயும் சுற்றளவில் பாதிக்கு மேலயும் போயிருந்தா, அது தானா நிரம்பாது. ரெண்டு முனையும் அப்படியே நின்னுடும், நடுவுல நார்த் திசு வந்து உக்காந்துக்கும்.

இப்படிப்பட்ட காலைக் காப்பாத்தலாமா, எடுத்துடணுமாங்கிற கேள்விக்கு உலகம் முழுக்கப் பயன்படுற ஒரு அளவுகோல் நம்ம தமிழ்நாட்டில் பிறந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு உருவாக்கி, 2006-ல் வெளியிட்ட 'கங்கா மருத்துவமனை ஸ்கோர்'. தோல், எலும்பு, தசை-நரம்பு இந்த மூணுக்கும் தனித்தனியா 1 முதல் 5 வரை மார்க். எலும்பு 4 செ.மீ.க்கு மேல போயிருந்தா அந்தப் பிரிவில் முழு 5. இதோட, நிலைமையை மோசமாக்குற ஒவ்வொரு விஷயத்துக்கும் 2 மார்க் கூடும்: புண்ணைச் சுத்தம் பண்ண 12 மணி நேரத்துக்கு மேல ஆனது, சாக்கடையோ வயல் சேறோ பட்டது, வயசு 65-க்கு மேல, சர்க்கரை நோய் இப்படி. நம்ம பரீட்சைக்கு நேர் எதிர், இங்க மார்க் குறைஞ்சா நல்லது. மொத்தம் 14 வரைன்னா காலைக் காப்பாத்த முயற்சி பண்ணலாம். 17-ம் அதுக்கு மேலயும்னா பெரும்பாலும் எடுக்க வேண்டி வரும். 15, 16 வந்தா அனுபவமுள்ள குழு ஆளைப் பார்த்து முடிவு பண்ணும்.

இந்த லிஸ்ட்டில் வயல் சேறு இருக்கிறதைக் கவனிங்க. தென்காசியைச் சுத்தி ரோட்டோரம் எல்லாம் நெல் வயல். பைக்கிலிருந்து விழுறவங்க அங்கதான் போய் விழுவாங்க.

இடைவெளியை எப்படி நிரப்புறாங்க?

முக்கியமா மூணு வழி.

முதலாவது, மாஸ்கலே முறை. 1980-களில் பிரான்ஸ் டாக்டர் மாஸ்கலே கொண்டு வந்தது. முதல் ஆபரேஷன்ல இடைவெளியில் ஒரு சிமெண்ட் கட்டையை வைப்பாங்க. வீடு கட்டுற சிமெண்ட் இல்ல, பிஎம்எம்ஏ. நம்ம லேப்ல பார்க்கிற அக்ரிலிக் ஷீட்டும் அதே பாலிமர்தான். 6 முதல் 8 வாரத்தில் அந்தக் கட்டையைச் சுத்தி உடம்பு ஒரு சவ்வை உருவாக்கும். ரத்தக் குழாய் நிறைஞ்ச சவ்வு. ரெண்டாவது ஆபரேஷன்ல சவ்வைக் கவனமாத் திறந்து, கட்டையை எடுத்துட்டு, அந்தப் பைக்குள்ள எலும்புத் துகளை நிரப்பித் தைச்சிடுவாங்க. அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

ரெண்டாவது, ரத்தக் குழாயோடவே எலும்பை எடுத்து வைக்கிறது. காலில் பக்கவாட்டில் இருக்கிற மெல்லிய ஃபிபுலா எலும்பை அதோட தமனி, சிரையோட வெட்டி எடுத்து, புது இடத்தில் மைக்ரோஸ்கோப் வச்சு குழாயோட குழாயா இணைப்பாங்க.

மூணாவது, ரஷ்யாவில் இலிசரோவ் கண்டுபிடிச்ச வளையம். ஊர்ல "ரிங்கு போட்டிருக்கு"ன்னு சொல்றது இதைத்தான். நல்லா இருக்கிற எலும்பை ஒரு இடத்தில் வெட்டி, ஒரு நாளைக்கு 1 மி.மீ. வீதம் நகர்த்தினா, பின்னாடி புது எலும்பு வளர்ந்துக்கிட்டே வரும். 5 செ.மீ. நகர 50 நாள். அது கெட்டியாக அதுக்கு மேலயும் பல மாசம். இதில் வெளியிலிருந்து எலும்பு எடுத்து நிரப்புறது பெரும்பாலும் முனைகள் சந்திக்கிற இடத்துக்கு மட்டும்தான். அதனால நாம இங்க முதல் வழியை வச்சே பேசுவோம்.

வச்ச எலும்புக்கு இன்னும் ரத்தம் வரலை

பாடத்தோட மையம் இதுதான். இதை மட்டும் ஞாபகம் வச்சா மத்தது தானா புரியும்.

இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை இடைவெளியில் வைக்கும்போது அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. துகள்களோட மேல்பரப்பில் இருக்கிற சில செல்கள் மட்டும், பக்கத்தில் கசியிற திரவத்திலிருந்து ஆக்ஸிஜன் வாங்கிப் பிழைக்கும். உள்ளே இருக்கிற பெரும்பாலான செல்கள் செத்துடும். அப்புறம் சுத்தியிருக்கிற சதையிலிருந்தும் சவ்விலிருந்தும் புதுக் குழாய்கள் மெதுவா உள்ளே ஊர்ந்து வரணும். அதோட வர்ற செல்கள் பழசைக் கரைச்சு புதுசு கட்டணும். வச்ச துகள் ஒரு சாரம் மாதிரி. கட்டடம் இனிமேதான் வரும்.

இப்ப கிருமியை நினைச்சுப் பாருங்க. ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டாலும் ஊசி போட்டாலும் அது ரத்தத்தில்தான் பயணம் பண்ணும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் சரியா போகாது. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களும் போகாது. ஸ்டஃபிலோகாக்கஸ் மாதிரி ஒரு பாக்டீரியா அங்க போய் உக்காந்துட்டா, அதுக்கு அது சொந்த வீடு. பக்கத்தில் பிளேட்டும் ஸ்க்ரூவும் வேற இருக்கு. உலோகப் பரப்பில் ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்தி பிசுபிசுன்னு ஒரு படலத்தைக் கட்டிக்கும். அதுக்குப் பேர் பயோஃபிலிம். நாளாக நாளாக அது முத்தும். முத்தின படலத்துக்குள்ள மருந்து வேலை செய்யறது ரொம்பக் கஷ்டம்.

அதாவது அங்க ஒரு ரேஸ் நடக்குது. ஒரு பக்கம் ரத்தக் குழாய், இன்னொரு பக்கம் பாக்டீரியா. முதல் சில வாரத்தில் யார் முந்துறாங்களோ அவங்களுக்குத்தான் அந்த இடம். சாதாரணப் புண்ணில் மூணு நாள் தாமதம்னா மூணு நாள் தாமதம்தான். இங்க மூணு நாள்னா எதிராளிக்கு மூணு நாள் முன்னோட்டம். ஒன்பதாம் நாளே போயிருந்தா, கழுவி விட்டு ஒட்டு முழுசையும் காப்பாத்த வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்.

நாள் கணக்கில் என்னென்ன ஆகலாம்?

*முதல் 2, 3 நாள்: ரத்தம், அழுத்தம்*

இந்த நாட்கள்ல பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலதான் இருப்பாங்க. பக்கத்தில் துணைக்கு இருக்கிற ஆள் நீங்களா இருந்தா இதைப் படிங்க.

உள்ளே ரத்தம் கசிஞ்சு கட்டியா தேங்கலாம். தேங்கின ரத்தம் பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு. அதனால ட்ரெயின் டியூப் வச்சிருந்தா அது மடங்காமப் பார்த்துக்கணும்.

இன்னொண்ணு கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். கால் தசைகள் விரியாத உறைகளுக்குள்ள இருக்கு. உள்ளே வீக்கம் கூடினா கன அளவு கூட முடியாது, அழுத்தம்தான் ஏறும். பிரஷர் வெஸல் மாதிரி. அழுத்தம் ரத்தக் குழாயை நசுக்கினா தசை சாக ஆரம்பிக்கும். அதுக்குக் கணக்கு நாளில் இல்ல, மணியில். அடையாளம்: வலி மாத்திரைக்கும் அடங்காத, கூடிக்கிட்டே போற வலி. கால் விரலை யாராவது மெல்ல மடக்கினாலோ நிமிர்த்தினாலோ உயிர் போற மாதிரி கத்துவாங்க. அப்ப "வலி இருக்கத்தானே செய்யும்"னு சமாதானம் சொல்லாம, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் நர்ஸை எழுப்புங்க.

புண்ணை மூட வேற இடத்துச் சதையை வச்சிருந்தா, அதாவது ஃபிளாப் பண்ணியிருந்தா, அதோட நிறத்தைப் பார்க்கணும். வெளுத்துப் போனா ரத்தம் உள்ளே வரலை. நீலமா கருத்துப் போனா ரத்தம் வெளியே போகலை. ரெண்டும் உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

*3-ம் நாளிலிருந்து 2 வாரம்: கிருமி, ரத்தக் கட்டி*

இந்தக் கட்டத்துலதான் வீட்டுக்கு வருவாங்க. ஆபத்தும் கூடவே வருது. முதல் 2 வாரத்தில் வர்ற தொற்றை டாக்டர்கள் 'ஆரம்பத் தொற்று'ன்னு தனியா வகைப்படுத்துறாங்க. காரணம், அதுக்குள்ள பிடிச்சுட்டா பிளேட்டை எடுக்காமலே கழுவிச் சரி பண்ண வாய்ப்பு அதிகம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? வலியும் வீக்கமும் ஆபரேஷன் பண்ண எல்லாருக்கும் இருக்கும். அதனால அளவைப் பார்க்காதீங்க, திசையைப் பாருங்க. கிராஃப் போட்டா எல்லாமே கீழ் நோக்கி வரணும். ரத்தத்தில் பார்க்கிற சிஆர்பி டெஸ்ட்டும் அப்படித்தான்: ஆபரேஷன் முடிஞ்சு 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, 2, 3 வாரத்தில் சாதாரண நிலைக்கு வரும். இறங்கினது திரும்ப ஏறினா சந்தேகம். வலியும் அதே மாதிரி. நேத்தைவிட இன்னிக்கு அதிகமா? காய்ஞ்ச கட்டு திரும்ப ஈரமா? அப்ப கிளம்பிடுங்க. அண்ணனுக்கு எட்டாம் நாள் கட்டு காய்ஞ்சிருந்தது. ஒன்பதாம் நாள் ஈரம். கிராஃப் திரும்பினது அங்கதான். நாங்க ஈரத்தோட அளவை மட்டும் பார்த்துட்டு "கொஞ்சம்தானே"ன்னு விட்டுட்டோம்.

ரத்தக் கட்டி வேற கதை. அசையாம படுத்திருக்கிற காலில், ஆழத்தில் இருக்கிற சிரைக்குள்ள ரத்தம் உறையலாம். கெண்டைக்கால் வீங்கி, கனத்து, தொட்டா வலிக்கும். அந்தக் கட்டி பிய்ச்சுக்கிட்டுப் போய் நுரையீரலில் அடைச்சா உயிருக்கே ஆபத்து. திடீர்னு மூச்சுத் திணறல், நெஞ்சு வலின்னா ஆட்டோ தேடாதீங்க, 108-க்கு அடிங்க.

*2 முதல் 6 வாரம்: பிளேட்டும் ஸ்க்ரூவும்*

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம். எலும்பு முழுசா இருந்தா பிளேட் சுமையைப் பங்குதான் போடும். 5 செ.மீ. இடைவெளியில் வெறும் துகள் இருக்கும்போது சுமை முழுக்க பிளேட் மேல.

ஒரு தோராயக் கணக்கு. எண்கள் எல்லாம் புரிஞ்சுக்க நான் எடுத்துக்கிட்டது. ஆள் எடை 60 கிலோ, விசை ஏறத்தாழ 600 நியூட்டன். எலும்பின் மையத்திலிருந்து பிளேட் 20 மி.மீ. தள்ளி இருக்குன்னா, பெண்டிங் மொமென்ட் 12,000 நியூட்டன் மி.மீ. பிளேட் அகலம் 15, தடிமன் 5 மி.மீ. செக்‌ஷன் மாடுலஸ் 15 × 25 ÷ 6 = 62.5. ஸ்ட்ரெஸ் 192 மெகாபாஸ்கல். ஆனா நடுவுல 5 மி.மீ. ஸ்க்ரூ ஓட்டை இருந்தா அகலம் 10 ஆயிடும். அந்த இடத்தில் ஸ்ட்ரெஸ் 288. இது சும்மா நிக்கிறதுக்கு. நடக்கும்போது தசைகளும் சேர்ந்து இழுக்கிறதால முழங்கால் மூட்டில் விழுற விசை உடல் எடையைப் போல 2, 3 மடங்கு. 288-ஐ நீங்களே பெருக்கிப் பாருங்க.

ஒரே தடவையில் பிளேட் உடையாது. ஃபெடீக்னு ஒண்ணு இருக்கே! வீட்டுக்குள்ள ஒரு நாளைக்கு 2,000 அடி நடந்தா அந்தக் காலுக்கு 1,000 சைக்கிள். 6 வாரத்தில் 42,000. எஸ்-என் கர்வ்ல சுமையைப் பாதியாக் குறைச்சா ஆயுள் ரெண்டு மடங்கு இல்ல, பல மடங்கு கூடும். டாக்டர் "கால் தரையைத் தொட்டா போதும், எடை போடாதீங்க"ன்னு சொல்றதோட அர்த்தம் இதுதான். இது ரெண்டாவது ரேஸ்: எலும்பு வளர்றதா, உலோகம் களைக்கிறதா.

முனைகள் அசையறதும் பிரச்சினை. சுவிஸ் டாக்டர் பெர்ரன் சொன்ன கணக்குப்படி, ஆரம்பத்தில் வர்ற மென்மையான திசு 100 சதவீத ஸ்ட்ரெயின் வரை தாங்கும். கெட்டி எலும்பு தாங்கறது ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஒட்டும் பழைய எலும்பும் சந்திக்கிற இடத்தில் 1 மி.மீ. சந்து இருக்குன்னு வைங்க. அது 0.1 மி.மீ. ஆடினாலே 10 சதவீதம். கண்ணுக்கே தெரியாத ஆட்டம், ஆனா அங்க கெட்டி எலும்பு உருவாகாது. ஸ்க்ரூ லூஸ் ஆகுறது, காலில் புதுசா 'கடக் கடக்'னு ஒரு உணர்வு, கால் லேசா கோணறது இதெல்லாம் தெரிஞ்சா அடுத்த செக்கப் தேதி வரை இருக்காதீங்க.

டாக்டர் இத்தனை கிலோ வரை ஊன்றலாம்னு சொல்லியிருந்தா ஒரு சுலபமான வழி இருக்கு. எடை பார்க்கிற மெஷின் மேல அந்தக் காலை மட்டும் வச்சு, வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, முள் அந்த எண்ணைத் தொடுற வரை அழுத்தச் சொல்லுங்க. ரெண்டு நாள் பழகினா காலுக்கே அளவு தெரிஞ்சிடும்.

இடுப்பையும் மறக்காதீங்க

எல்லாரும் காலையே பார்த்துக்கிட்டு இருப்போம். எலும்பு எடுத்த இடுப்பில்தான் பல பேருக்கு முதல் வாரம் வலி அதிகம். அங்கயும் ரத்தம் தேங்கலாம், கிருமி வரலாம். தொடையோட வெளிப்பக்கம் மரத்துப் போற மாதிரி இருந்தா, அந்த வழியா போற தோல் நரம்பு இழுபட்டிருக்கலாம். பெரும்பாலும் மெதுவா சரியாகும், ஆனா சொல்லணும். எழுந்திருக்கும்போது இடுப்பு முன்பக்கம் திடீர்னு 'சுருக்'னு வலிச்சு நடக்க முடியலைன்னா, எலும்பு எடுத்த விளிம்பு உடைஞ்சிருக்கலாம்.

இன்னொரு விஷயம் அப்புறம்தான் எனக்கு உறைச்சது. இடுப்பு எலும்பு எடுக்க எடுக்க வர்ற ஸ்டாக் இல்ல. வச்சது வீணாப் போனா அடுத்த தடவை மறுபக்க இடுப்பு, அதுக்கு அப்புறம் தொடை எலும்புக்குள்ள ரீமர் விட்டு எடுக்கணும். அண்ணனுக்கு எடுத்துப் போட்ட பாதிக்குப் பதிலா மறுபக்க இடுப்பையும் திறந்தாங்க. இப்ப அவருக்கு ரெண்டு பக்கமும் தழும்பு.

எண்ணெயும் அருவியும்

நம்ம ஊர்க்காரங்க வீட்டில் இந்தப் பேச்சு வராம இருக்காது. எங்க ஆச்சியும் சொன்னாங்க: "ஏலே, நல்லா எண்ணெய் தேய்ச்சு அஞ்சருவியில ரெண்டு நாள் நின்னான்னா வலியெல்லாம் ஓடிரும்லா."

ஆச்சி சொன்னது பாசத்தில். நல்லா இருக்கிற உடம்புக்கு எண்ணெய் தேய்ச்சு அருவியில் நிக்கிறது சுகம்தான், நானும் சீசனுக்கு சீசன் போறவன். ஆனா இந்தக் காலுக்கு இப்ப வேண்டாம். காரணத்தையும் சொன்னா பெரியவங்க கேட்டுக்குவாங்க. சிரையில் ரத்தக் கட்டி இருந்தா, தேய்க்கிற வேகத்தில் அது பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போகலாம். எண்ணெய்ப் பிசுக்கில் கசிவு தெரியாமப் போகும். அருவித் தண்ணி எவ்வளவு சுத்தமா தெரிஞ்சாலும் அதில் பாக்டீரியா உண்டு, ஆறாத தையலுக்கு அது ஆகாது. பாசி பிடிச்ச பாறையில் வாக்கரோட நடக்கிறதைப் பத்திச் சொல்லவே வேண்டாம். கட்டுப் போடுறது, பச்சிலை வைக்கிறது, இழுத்து விடுறது எல்லாத்துக்கும் இதே பதில்தான். பீடி, சிகரெட்டும் கூடாது. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். ஊர்ந்து வர்ற புதுக் குழாய்க்கு நாமே கேட் போட்ட மாதிரி.

வீட்டில் ஒட்டி வைக்க ஒரு லிஸ்ட்

தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்க:

1. காய்ச்சல் எவ்வளவு?
2. கட்டு காய்ஞ்சிருக்கா, ஈரமா? என்ன நிறம், வாடை இருக்கா?
3. வலி நேத்தைவிடக் கூடியிருக்கா?
4. கெண்டைக்கால் வீக்கம்: டேப் வச்சு ரெண்டு காலையும் அளங்க.
5. விரல்கள் சூடா இருக்கா, அசையுதா, தொட்டா தெரியுதா?
6. இடுப்புப் புண் எப்படி இருக்கு?

கட்டை தினமும் மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. எதுவாவது திசை மாறினா, அன்னைக்கே ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் போன் பண்ணுங்க. பெரிய ஆபரேஷன்னா தென்காசிக்காரங்க திருநெல்வேலியோ மதுரையோ கோயம்புத்தூரோ போறது வழக்கம். "இவ்வளவு தூரம் இதுக்குப் போய் போகணுமா"ன்னு தோணும். போகணும். மீதி இருந்த ஆன்டிபயாட்டிக்கை நீங்களா போட்டுட்டுக் காத்திருக்காதீங்க. அது காய்ச்சலை மறைக்கும், சீழில் எந்தக் கிருமின்னு பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட்டையும் கெடுக்கும். நான் டாக்டர் இல்ல. அதனால எதை எப்ப செய்யணும்ங்கிறதுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு. அவர்கிட்ட சீக்கிரம் போய்ச் சேர்றது மட்டும் நம்ம வேலை.

அண்ணன் இப்ப ஒரு பக்கம் ஊன்றுகோல் வச்சு நடக்கிறார். எக்ஸ்ரேல அந்த இடைவெளியில் வெள்ளையா மேகம் மாதிரி தெரிய ஆரம்பிச்சிருக்கு. புது எலும்பு அப்படித்தான் முதல்ல தெரியுமாம். ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்த அன்னிக்கு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆச்சிதான் தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கட்டைப் பார்த்து, "காய்ஞ்சிருக்கு, எழுதிக்கோ"ன்னு சொன்னாங்க.